புளியங்கொட்டைப் பசை: தஞ்சைச் சித்திர வரலாறும் சேரியின் கையும்

1

ஓவியக் கல்லூரியில் இரண்டாம் வருசம். கதைக்குப் படம் போடுகிற பாடத்தில் 'நந்தனார்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஒரே படத்தைத்தான் போட்டிருந்தார்கள். தூரத்தில் கோபுரம், இந்தப் பக்கம் கைகூப்பி நிற்கிற ஒரு கறுத்த ஆள், நெற்றியில் பட்டை, கன்னத்தில் கண்ணீர். நான் போட்டது வேறு. ஈரத்தோலைத் தரையில் விரித்து, சுற்றிலும் முளையடித்து இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார் நந்தனார். முதுகு வளைந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு தாழி, ஒரு நாய்க்குட்டி. கோபுரமே கிடையாது.

ஆசிரியர் படத்தை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா இது? நந்தனார்னா பக்தி தெரிய வேணாமா? இது யாரோ தோல் பதம் போடுறவன் மாதிரில்ல இருக்கு." வகுப்பு சிரித்தது. "அவரு அதத்தான் சார் செஞ்சாரு" என்று சொல்ல நினைத்தேன். தொண்டைக்குள்ளேயே நின்றுபோனது. அது எந்தக் கல்லூரி, அவர் யார் என்பது இங்கே தேவையில்லை. ஒரு வாத்தியாரோடு முடிகிற விசயமில்லை இது.

நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்திலேயே இருக்கிறது. கொள்ளிடம் பாய்கிற ஆதனூரின் புலைப்பாடியில் பிறந்தவர் நந்தனார். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவந்தவர். அதோடு, அந்தப் புலைப்பாடியைச் சேக்கிழார் காட்டுகிற விதத்தைக் கவனியுங்கள். கூரைமேல் படர்ந்த சுரைக்கொடி, காலடியில் திரியும் கோழிக்குஞ்சு, நாய்க்குட்டி, மர நிழலில் தோலை விரித்துப் பிள்ளையைத் தூங்கவைக்கும் உழத்தி, மாங்கிளையில் தொங்கும் பறை. கதைக்குப் படம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது. அவர் நந்தனாரைக் கடைசியில் தீக்குள் இறக்கித்தான் தில்லைக்குள் விடுகிறார். அந்தக் கணக்கை அவரோடு தனியாகத் தீர்க்க வேண்டும். ஆனால் சேரியைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்.

கைகூப்பி நிற்கிற நந்தன் பிறகு வந்தவன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இயற்றிய நந்தனார் சரித்திரத்தில், சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியர் மிராசுதாராக உள்ளே வருகிறார். நந்தன் அவரிடம் உத்தரவு கேட்டு நிற்கிற பண்ணையாள் ஆகிறான். பாட்டுக் கச்சேரியும், 1935இலும் 1942இலும் வந்த சினிமாப் படங்களும் அந்த நந்தனைத்தான் எடுத்துக்கொண்டன. என் வகுப்புத் தோழர்கள் பக்தியைப் போடவில்லை. தஞ்சாவூர்ப் பண்ணையில் ஆண்டை முன்னால் ஆள் நிற்கிற நிலையைப் போட்டார்கள். கோபுரம் இருந்ததால் அது பக்தியாகத் தெரிந்தது.

அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு சரிதானா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

2

எங்களுக்குக் கலை வரலாறு ஒரு தாள், வடிவமைப்பு வரலாறு ஒரு தாள். முன்னதில் அஜந்தா, சோழர் செப்புத்திருமேனி, அப்புறம் இத்தாலி. பின்னதில் வில்லியம் மோரிஸ், 1919இல் தொடங்கி 1933இல் மூடப்பட்ட பௌஹவுஸ் பள்ளி. எங்கள் டெல்டா இரண்டு இடத்தில்தான் தலைகாட்டும். ஒன்று பெரிய கோயில் சுவரோவியம். இன்னொன்று தங்கரேக் ஒட்டிய தஞ்சாவூர்ப் படம்.

பெரிய கோயிலை ராஜராஜன் 1010இல் முடித்தான். கருவறையைச் சுற்றிய இருண்ட உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்துகிடந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே.கோவிந்தசாமி அவற்றைக் கண்டு வெளியே சொன்னார். வெள்ளை யானையில் போகிற சுந்தரர், குதிரையில் போகிற சேரமான், திரிபுரம் எரிக்கிறவர், இடுப்பை ஒடித்து ஆடுகிற பெண்கள். அந்தப் பெண்களின் முதுகுக்கோட்டை நான் நூறு தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். தோளில் தொடங்கி இடுப்பில் திரும்பி ஒரே மூச்சில் இறங்குகிற கோடு. அதை வெறுக்க எனக்கு முடியவில்லை. நல்ல கோட்டை வெறுக்கச் சொல்லி எந்த அரசியலும் என்னைக் கேட்கக்கூடாது.

ஆனால் அதே கோயிலின் வெளிச்சுவரையும் படிக்க வேண்டும். அதை வகுப்பில் யாரும் படித்துக்காட்டவில்லை. கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பெயர் இருக்கிறது, எந்தச் சிறகில் எத்தனாவது வீடு என்று இருக்கிறது, ஆளுக்கு ஒரு பங்கு நெல் என்று இருக்கிறது. கோயிலைக் கட்டிய வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. கோயிலுக்கு நிலம் விட்ட ஊர்களின் கணக்கும் இருக்கிறது. அதில் இறை இல்லாத நிலமாகக் கழிக்கவேண்டியவை வரிசையாக வரும்: ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகிற வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே வருகிறது.

உலகம் வியக்கிற ஓவியம் உள்சுவரில். அதற்குச் சோறு போட்ட நெல்லை விளைவித்தவர்கள் வெளிச்சுவரில், நில அளவையில் கழிக்கப்பட்ட ஒரு துண்டாக. இரண்டுக்கும் நடுவில் ஒரு கற்சுவர்தான். கலை வரலாற்று வாத்தியார் உள்ளே நின்றுவிடுகிறார். கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர் வெளியே நின்றுவிடுகிறார். இரண்டு பக்கமும் நடந்து பார்க்கிற வேலை நம் தலையில் விழுகிறது.

3

நம்மை ஆளாக முதலில் படம் போட்டவர்கள் யார் என்று தேடினால், சங்கடமான ஒரு இடத்துக்குப் போய்ச் சேருவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காகத் தஞ்சாவூர் ஓவியர்கள் தொகுப்புத் தொகுப்பாகப் படம் போட்டுக் கொடுத்தார்கள். ஐரோப்பியத் தாளில், ஒரு தாளுக்கு ஒரு சாதி. புருசனும் பொண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். கையில் அந்தச் சாதிக்குரிய தொழில் சாமான். கீழே சாதிப் பெயர். பின்னால் வெறும் வானமும் ஒரு துண்டுத் தரையும். இப்படிப்பட்ட படங்கள் இன்றைக்கு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. மதுரையில் 1837இல் செய்த 72 சாதிகளின் படத்தொகுப்பு ஒன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

போட்டவர்களில் பலர் தெலுங்கு பேசுகிற ஓவியக் குடும்பத்தார். கம்பெனிக் கணக்குகளில் ஓவியனுக்கு 'மூச்சி' என்று பெயர். தோல்வேலைக்காரனையும் அதே சொல்லால்தான் கூப்பிட்டார்கள். தோலும் சித்திரமும் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கின்றன. பிறகு சித்திரம் மேலே ஏறிக்கொண்டது, தோல் சேரியிலேயே கிடந்தது.

அந்தப் படங்களின் அச்சுப் பிரதி ஒன்றை ஊருக்கு எடுத்துப் போய் அம்மாவிடம் காட்டினேன். வயல்வேலைச் சாதி ஒன்றின் சோடி. அம்மா நாற்பது வருசம் நடவு நட்டவர். ரொம்ப நேரம் பார்த்தார். "பொடவை நல்லாருக்கு. ஆனா இது நாத்துமுடி புடிச்ச கையே இல்லியே. வெரலிடுக்குல சேத்துப்புண்ணு இருக்காதா? இவ காலு ஒரு நாளாச்சும் தண்ணில நின்னுருக்குமா?" கொஞ்சம் கழித்து இன்னொன்று கேட்டார்: "இவங்க ரெண்டு பேரும் ஏன் புள்ள இப்புடி சும்மா நிக்கிறாங்க? எங்க போவப் போறாங்க?"

இந்த ரெண்டாவது கேள்விதான் விமர்சனம். கதைக்குப் படம் போடுவது என்றால் என்ன? ஒரு கதையில் ஒரு கணத்தைப் பிடிப்பது. அதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்கும், பின்னால் ஒன்று நடக்கும். கம்பெனிப் படத்தில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பறை தொங்குகிறது, அடிக்கவில்லை. முறம் இருக்கிறது, புடைக்கவில்லை. அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை, எங்கேயும் போகப் போவதும் இல்லை. சாதி என்பது மாறாத ஒன்று என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு கிடையாது. வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சாதி என்று சிலர் எளிதாகத் தப்பித்துக்கொள்கிறார்கள். வெளிச்சுவர்க் கல்வெட்டு 1800 வாக்கில் வெட்டப்பட்டதல்ல. வெள்ளைக்காரன் கேட்டது பட்டியல். எடுத்துக் கொடுக்கப் பட்டியல் இங்கே தயாராக இருந்தது.

4

தஞ்சாவூர்ப் படம் செய்கிற முறையைச் செய்முறை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். பலகைமேல் துணியை ஒட்ட வேண்டும். சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, காயவைத்து, வழுவழுப்பாகத் தேய்க்க வேண்டும். கோடு போட்டு, கல் பதித்து, நகையும் மண்டபமும் புடைத்து நிற்க மக்கு வைத்து, அதன்மேல் தங்கரேக்கை ஒட்ட வேண்டும். வண்ணம் கடைசியில். மராத்தியர் ஆட்சியில், அதிலும் இரண்டாம் சரபோஜி இருந்த 1798க்கும் 1832க்கும் இடையில் செழித்த கலை இது. 2007-2008இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

பசை காய்ச்சும் நாளில் வகுப்பு முழுக்க ஒரு வாடை. எனக்குத் தெரிந்த வாடை. புளியங்கொட்டை.

எங்கள் வீட்டில் தாத்தா பறை கட்டுவார். வேப்பங்கட்டையை வளைவாகச் செதுக்கி, துண்டுகளைத் தகடு வைத்து இணைத்து வட்டமாக்குவார். புளியங்கொட்டையை வறுத்து, தோலை உடைத்து, ஊறப்போட்டு, அம்மியில் அரைத்து, கூழாகக் காய்ச்சுவார். அந்தப் பசையால்தான் கன்றுத்தோலைக் கட்டையில் ஒட்டி இழுத்துக் காயவைப்பார். தோல் எந்தப் பக்கம் மெலிசு, எந்தப் பக்கம் கனம் என்று கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவார். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பேசல" என்று மறுபடி தீயில் காட்டுவார்.

சாமி கழுத்தில் தங்கத்தை ஒட்டுவதும் பறையில் தோலை ஒட்டுவதும் ஒரே பசை. ஒன்று கலை, பாடத்திட்டத்தில் இருக்கிறது. இன்னொன்று தொழில், ஊர்க்கட்டுப்பாட்டில் இருந்தது. இதை எழுதி ஒரு கட்டுரை கொடுத்தேன். வடிவமைப்பு வரலாற்றில் பறையையும் சேர்க்க வேண்டும் என்று வாதாடினேன். பெருமையோடு ஊருக்கு வந்து அப்பாவிடம் சொல்லி, தாத்தாவின் பறையை அளவெடுத்து வரையப்போவதாகச் சொன்னேன்.

பறை வீட்டில் இல்லை. தாத்தா செத்த வருசமே அப்பா அதை உடைத்து அடுப்பில் வைத்துவிட்டார். "அது இருந்தா நாளைக்கு ஒன் தம்பிய சாவுக்குக் கூப்புடுவான். அதுக்குத்தான் எரிச்சேன். நீ அதயே வரையறேங்கிற. அதுக்கா புள்ள ஒன்ன படிக்க வெச்சேன்?"

எனக்குப் பதில் இல்லை. 1990களில் தலித் இயக்கங்களுக்குள் நடந்த வாதமும் இதுதான். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராக மறுத்தவர்கள் ஒரு பக்கம். பறை எங்கள் கலை, மேடையில் அடிப்போம் என்றவர்கள் ஒரு பக்கம். வெளியிலிருந்து பார்த்தால் முரண்பாடு. உள்ளேயிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் எதிர்க்கிறார்கள்: நீ பிறப்பால் இதைத்தான் செய்ய வேண்டும் என்று சொல்கிறவனை.

கைவினையைப் போற்றுகிற அறிஞர்கள் வழுக்குவது இங்கேதான். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி, மோரிஸின் வழியில் நடந்தவர். மோரிஸின் கெம்ஸ்காட் அச்சகத்தில் இருந்த அச்சு எந்திரத்திலேயே தன் இடைக்காலச் சிங்களக் கலை நூலை 1908இல் அச்சிட்டவர். யந்திரம் மனிதனின் கையைக் கொல்கிறது என்று அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1909இல் இந்தியக் கைவினைஞனைப் பற்றி எழுதும்போது அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிற தொழிலை ஒரு வரமாகப் பார்த்தார். சிற்பியின் வீட்டில் அது வரமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது சாவு வீட்டு வாசலில் வந்து நிற்கிற தலையாரியின் குரல். சாதியை வேலைப் பிரிவினை என்று சமாதானம் சொல்கிறவர்களுக்கு அம்பேத்கர் 1936இல் பதில் சொல்லிவிட்டார். கலை வரலாற்றுத் துறைக்கு அந்தப் பதில் இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆக, பறையைப் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. பறையை மட்டும் வரைந்தால் கம்பெனிப் படம். பறையையும் அதை எரித்த அப்பாவையும் சேர்த்து வரைந்தால்தான் வரலாறு.

5

இனி நம் காலத்துக்கு வருவோம். கதைக்குப் படம் போட்டவர்களில் டெல்டாவின் பெரிய பெயர் கோபுலு. 1924இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, ஆனந்த விகடனில் வரைந்து, 2015இல் மறைந்தவர். கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாளுக்கு அவர் போட்ட படங்களை எடுத்துப் பாருங்கள். நாதஸ்வரக்காரர், தவில்காரர், தாளக்காரர், ஆடுகிறவள் ஆகிய ஒவ்வொருவருக்கும் சொந்த மூக்கு, சொந்தத் திமிர், சொந்தச் சோர்வு. யாரும் சாதிக்கு ஒரு மாதிரியாக நிற்கவில்லை. இப்போதுதான் ஏதோ பேசி முடித்திருக்கிறார்கள், இன்னும் ஏதோ பேசப்போகிறார்கள். டெல்டாவின் மனிதர்களை இவ்வளவு உயிரோடு வரைய முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

அந்தத் தவிலின் தோல் யார் கையில் பதமானது என்று அந்தக் கதை கேட்காது. கதை கேட்காததைப் படம் போடுகிறவர் தானாகப் போட முடியாது. நான் புரட்டிப் பார்த்த பழைய வாரப் பத்திரிகைகளில் காவேரிப் படித்துறை உண்டு, தேர் உண்டு, திண்ணை உண்டு. நடவாள் வந்தால் தூரத்தில் வளைந்த முதுகாக வருவாள். கோபுலுவின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருடைய கோடு எனக்கு வேண்டும். அந்தக் கோடு எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் ஏக்கம்.

சரி, நம் பத்திரிகைகள் என்ன செய்தன? நம்மையும் கேட்டுக்கொள்வோம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. தொடர்ந்து சாட்சியங்கள், கதைகள், கவிதைகள். எழுத்தில் ஒவ்வொரு ஆளும் பெயரோடும் குரலோடும் வந்தார்கள். பக்கத்தில் போட்ட படங்களோ பெரும்பாலும் உடைந்த சங்கிலி, உயர்ந்த முஷ்டி, எரியும் குடிசை, எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற நவீனக் கோட்டுருவம். எழுத்து ஆளைக் கொண்டுவந்தது, படம் மறுபடி மாதிரியைக் கொண்டுவந்தது.

வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நீதிமன்றத்தில் 1973இல் முக்கியக் குற்றவாளிகள் விடுதலையானார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் சுவரொட்டி வருகிறது. நான் பார்த்தவற்றில் தீ நன்றாக இருக்கும். செம்மஞ்சள், கறுப்பு, அழுத்தமான அச்சு. உள்ளே இருந்தவர்களின் முகம் இருக்காது. 44 என்ற எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். ஒரு முகத்தை வரையச் சொன்னால் முழிப்போம். 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமய்யாவின் குடிசை' ஆவணப்படத்தில் உயிரோடு இருந்தவர்கள் முகம் காட்டிப் பேசினார்கள். ஒரு படக்கருவி செய்ததை நம் பேனா செய்யவில்லை.

வேறு நாட்டில் எப்படிச் செய்தார்கள்? ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் 1525இன் விவசாயிகள் கலகத்தை வைத்து 1902க்கும் 1908க்கும் இடையில் ஏழு செதுக்கோவியங்கள் செய்தார். அதில் ஒன்று, ஒரு கிழவி அரிவாள் தீட்டுவது. கம்பெனிப் படத்தைப் போலவே கையில் கருவிதான். ஆனால் அவள் முகம் அரிவாள் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. இந்த அரிவாள் நாளைக்குக் கதிரை அறுக்குமா, வேறு எதையாவது அறுக்குமா என்று அவள் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறாள். அமெரிக்காவில் எமரி டக்ளஸ், சான் பிரான்சிஸ்கோவின் நகரக் கல்லூரியில் விளம்பர ஓவியம் படித்தவர், அந்தப் படிப்பைக் கருஞ்சிறுத்தைகளின் பத்திரிகைக்குக் கொண்டுபோனார். தடித்த கோடு, மலிவான அச்சு, ஆனால் உள்ளே இருப்பது ஒரு குறிப்பிட்ட தாய், ஒரு குறிப்பிட்ட சமையலறை. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அவர்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் போடுகிற பாடத்தை நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

கோல்விட்ஸைப் பார்த்த பிறகுதான் என் பழைய நந்தனார் படத்தை மறுபடி எடுத்தேன். அம்மாவிடம் காட்டினேன். "தோலு சரியா இருக்கு. முளையடிச்சதும் சரியா இருக்கு. மூஞ்சி எங்க?" என்றார்.

மூஞ்சி இல்லை. குனிந்த முதுகைப் போட்டு, தலையைத் தோல்மேல் கவிழ்த்துவிட்டிருந்தேன். கோபுரத்தை எடுத்துவிட்டேன், கண்ணீரை எடுத்துவிட்டேன், கூப்பிய கையை எடுத்துவிட்டேன். கடைசியில் ஒரு கருவியும் ஒரு முதுகும் மிச்சம். கம்பெனிக்காரனாவது முகம் போட்டான். வாத்தியார் சொன்னதும் தப்பு, நான் ஜெயித்துவிட்டதாக நினைத்ததும் தப்பு.

ஓவியக் கல்லூரிகளில் இன்றைக்கு நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பெரிய கோயிலுக்குப் போனால் அந்தக் கோட்டைக் கற்றுக்கொள்ளுங்கள், வெளிச்சுவரையும் படியுங்கள். கம்பெனிப் படங்களைக் கிழிக்க வேண்டாம், ஒவ்வொன்றையும் எடுத்து, இந்த ஆள் அடுத்து எங்கே போகப் போகிறார் என்று கேட்டு அடுத்த படத்தை வரையுங்கள். தாத்தாவின் சாமான்களை அளவெடுங்கள், அதை எரித்தவரிடமும் உட்கார்ந்து கேளுங்கள். வெண்மணிக்குச் சுவரொட்டி கேட்டு வந்தால், தீ வரைவதற்கு முன்னால் ஒரு முகத்தை வரைந்து கொடுங்கள். படத்தை முதலில் வீட்டில் காட்டுங்கள். வயலில் நின்றவர்கள் கண்ணுக்குத் தப்பும் கோடு கிடையாது.

நான் இப்போது இரண்டு படம் வேலை செய்துகொண்டிருக்கிறேன். ஒன்றில் நந்தனார் தோலை இழுத்துக் கட்டி முடித்துவிட்டு நிமிர்கிறார். இன்னொன்றில் அப்பா அடுப்பு முன்னால் உட்கார்ந்து உடைந்த பறைக்கட்டையைத் தீக்குள் தள்ளுகிறார். இரண்டிலும் முகம் இன்னும் சரியாக வரவில்லை.